மேல் வகுப்பில் கதைக்கு இடமில்லையா?

கதை பாலர் வகுப்புக்கு உரியது, இலக்கணமே மேல் வகுப்புக்கு உரியது என்றொரு தீர்ப்பு நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அத்தீர்ப்பை வழங்கிய காஜி யார், எந்த ஆதாரத்தின் மீது வழங்கினார் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேளாமலே அதற்குக் கட்டுப்பட்டு, நம் பிள்ளைகளின் ஏழெட்டு ஆண்டுகளை அதன் பலிபீடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் எல்லைப்புற வட்டாரத்தில், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும், அரபு கற்பிக்கும் இளம் உஸ்தாதுகள் சிலர் மேல் வகுப்பு மாணவர்களுக்கு அரபியிலேயே கதை சொல்லி, அரபியிலேயே வினா எழுப்பி, அரபியிலேயே விடை வாங்கும் முறையைக் கையாண்டு பார்க்கின்றனர். பாராட்டப்பட வேண்டிய இம்முயற்சிக்குக் கிடைத்து வரும் பரிசு என்ன? “கிதாபு ஓதிக்கொடுக்கத்தான் சம்பளம் தருகிறோம், கதை சொல்ல அன்று” என்று நிர்வாகி ஒருவர் சொன்னதை என் காதாரக் கேட்டேன். அவருடைய பெயரும் ஊரும் இங்குத் தேவையில்லை. அந்தச் சொல் அவர் ஒருவருடைய சொல்லாக இருந்திருந்தால் இக்கட்டுரையே தேவைப்பட்டிராது. நம்மில் பலருடைய நெஞ்சில் இருப்பதை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவே. ஆதலின் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு வழக்காட முன்வருகிறேன்.

எல்லைப்புறத்துப் பிள்ளை

முதலில் நம் மாணவன் யார் என்பதைப் பார்ப்போம். சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் ஓசூரில் கால்கொண்டது. 1980களில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் அடுத்தடுத்து இயங்கத் தொடங்கின. 2004ஆம் ஆண்டில் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கன்னட நாடு.

இம்மண்ணில் வளரும் முஸ்லிம் பிள்ளை வீட்டில் தக்கனி உருதுவோ தமிழோ பேசுகிறான். தெருவில் தெலுங்கு பேசுகிறான். சந்தையிலும் பேருந்திலும் கன்னடம் பேசுகிறான். பள்ளிக்கூடத்தில் தமிழும் ஆங்கிலமும் படிக்கிறான். தொழிற்சாலை வாயிலில் வடநாட்டுத் தொழிலாளியுடன் இந்தியில் உரையாடுகிறான். பன்னிரண்டு வயதில் நான்கு மொழிகளில் வழக்காடி, கேலி பேசி, விலை குறைக்கத் தெரிந்தவன் அவன். இவற்றுள் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் அவன் ஓர் இலக்கண நூலையும் தொட்டதில்லை. கேட்டான், புரிந்துகொண்டான், பேசினான்.

இதே பிள்ளையை ஐந்தாம் மொழி கற்க மத்ரஸாவில் கொண்டுவந்து விடுகிறோம். மீஸான், முன்ஷஇப், நஹ்வமீர், ஹிதாயத்துன் நஹ்வு, காஃபியா, ஷரஹ் ஜாமீ எனப் படிப்படியாக ஏற்றுகிறோம். இவற்றை ஓதி முடித்த பிறகு, அரபுப் பயணி ஒருவர் வழி கேட்டால் அவன் வாயடைத்து நிற்கிறான்! தெருவில் நான்கு மொழி பேசியவன் வகுப்பறையில் ஊமையாகிறான் என்றால், குறை பிள்ளையிடமா இருக்கிறது? நாவில் குறையில்லை என்பதற்கு நான்கு மொழிகள் சாட்சி. அறிவில் குறையில்லை என்பதற்கு அவன் மனனம் செய்த காஃபியாவே சாட்சி. எஞ்சி நிற்பது நம் கற்பிக்கும் முறை ஒன்றுதான்.

ஹரீரீயின் விருந்தும் நம் பட்டினியும்

“மேல் வகுப்பில் கதைக்கு இடமில்லை” என்போரிடம் ஒன்று கேட்கிறேன். 1748இல் மறைந்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்கும் நிஜாமிய்யாப் பாடத்திட்டத்தில், இலக்கியத்துக்கென நம் முன்னோர் மேல் வகுப்பில் வைத்த கிதாபு எது? மகாமாத்துல் ஹரீரீ அன்றோ! அது என்ன நூல்? இலக்கணமா, தர்க்கமா, ஃபிக்ஹா? ஐம்பது கதைகளின் தொகுப்பு! பஸ்ராவைச் சேர்ந்த இமாம் ஹரீரீ, ஹிஜ்ரி ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர், 1122இல் மறைந்தார். அவர் படைத்த அபூஸைத் எனும் நாவன்மை மிக்க எத்தன் ஊர் ஊராகச் சென்று மக்களை ஏய்ப்பதையும், ஹாரிது இப்னு ஹம்மாம் அவனைக் கண்டுபிடிப்பதையும் கூறுவதே அந்நூல்.

முதல் மகாமாவை நினைத்துப் பாருங்கள். ஸன்ஆ நகரில் ஒருவர் உலகப் பற்றைக் கண்டித்து உருக்கமாக உபதேசம் செய்கிறார். மக்கள் கண்ணீர் மல்கிக் காசு தருகின்றனர். கதை சொல்லும் ஹாரிது அவரை மறைந்து பின்தொடர்கிறார். உபதேசியார் ஒரு குகைக்குள் நுழைகிறார். எட்டிப் பார்த்தால், சீடன் ஒருவனுடன் அமர்ந்து வெண்மையான ரொட்டியும் வறுத்த ஆட்டுக்குட்டியும் உண்கிறார், எதிரே மதுச்சாடி! வெளுத்துப்போன ஹாரிது, “இவர் யார்?” என்று சீடனைக் கேட்கிறார். அபூஸைத் ஸரூஜீ என்று விடை வருகிறது.

எத்துணைச் சுவையான கதை! எந்தக் காலத்துப் போலித் துறவியையும் தோலுரிக்கும் கதை! இதை நாம் எவ்வாறு ஓதிக்கொடுக்கிறோம்? ஒரு சொல்லை எடுத்து, அஃது எந்த பாபைச் சேர்ந்தது, அதன் மஸ்தர் என்ன, பன்மை என்ன, ஒருபொருட்பன்மொழி எத்தனை என்று அரை மணி நேரம் அடுக்குகிறோம். ஒரு மகாமா முடிய வாரங்கள் கழிகின்றன. அதற்குள் குகையும் மறந்துபோகிறது, எத்தனும் மறந்துபோகிறான். சிரிக்க வேண்டிய இடத்தில் மாணவன் கொட்டாவி விடுகிறான். ஹரீரீ விருந்து படைத்தார். நாம் இலையில் இருந்த ஒவ்வொரு பண்டத்தின் பெயரையும் எழுதிக்கொண்டு பட்டினியாக எழுந்து வருகிறோம்.

ஆகவே, மேல் வகுப்பில் கதை புதிதாகப் புகுத்தப்படுகிறது என்பது தவறு. கதை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கதையாகச் சொல்வதைத்தான் கைவிட்டோம்.

இலக்கணத்தின் வரலாறே கதைதான்

“இலக்கணம் இல்லையேல் குர்ஆனை ஓதுவதில் பிழை வரும்” என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. நான் அதை மதிக்கிறேன். இலக்கணத்தை எடுத்தெறியச் சொல்வார் எவரோ, அவருக்கு இக்கட்டுரை துணை வாராது. ஆனால் இலக்கணம் எங்கிருந்து வந்தது? அரபியர் பேசினர், பிறகே இலக்கணம் எழுதப்பட்டது. அரபியர் அல்லாதார் இஸ்லாத்தில் பெருகியபோது, கேட்டுப் பழகிய காது அவர்களுக்கு இல்லாமையால் காவலாக எழுந்தது அக்கலை. காது முந்தியது, காவல் பிந்தியது. நாமோ காவலாளியை நியமித்துவிட்டுக் காவல் காக்கப் பொருளே இல்லாத வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

அபுல் அஸ்வத் துஅலீ அவர்களைப் பற்றி வழங்கி வரும் செய்தி ஒன்றை எல்லா மாணவரும் அறிவர். அவருடைய மகள் வானத்தை அண்ணாந்து பார்த்து, அது எத்துணை அழகு என்று வியக்க எண்ணினாள். ஆனால் உயிர்க்குறியை மாற்றிச் சொல்லவே, வானத்தில் எது மிக அழகு என்னும் வினாவாக அது மாறிப்போயிற்று. தந்தையார் “அதன் விண்மீன்கள்” என்று விடை கூறினார். “நான் கேட்கவில்லை, வியந்தேன்” என்றாள் மகள். வியப்புச் சொற்றொடரின் இலக்கணத்தை ஷரஹ் ஜாமீயில் பக்கம் பக்கமாக ஓதியவன் மறந்துவிடலாம். இக்கதையைக் கேட்டவன் மறப்பதில்லை. இலக்கண ஆசிரியர்களே தங்கள் கலையின் தேவையை உணர்த்தக் கதையைத்தான் நாடினர் என்றால், அக்கலையைக் கற்பிக்க நாம் கதையை ஏன் வெறுக்க வேண்டும்?

இதற்கும் மேலாக ஒரு சான்று உண்டு. ஸூரா யூஸுபின் தொடக்கத்தில் இறைவன் அவ்வரலாற்றை ‘அஹ்ஸனுல் கஸஸ்’ என்று சிறப்பிக்கிறான். ‘கிஸஸ்’ என்றிருந்தால் ‘கதைகள்’ என்னும் பன்மை. ‘கஸஸ்’ என்பதோ எடுத்துரைத்தல் எனும் தொழிற்பெயர் என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். அதாவது, கதை அழகியது என்பது மட்டுமன்று. எடுத்துரைக்கும் முறையே அழகியது என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது. இந்த நுட்பத்தை மேல் வகுப்பில் தஃப்ஸீர் பாடத்தில் ஓதிக்கொடுக்கிறோம். ஓதிக்கொடுக்கும் வகுப்பிலேயே எடுத்துரைத்தலைத் தடை செய்கிறோம். இது முரண் அன்றோ?

பிறர் கண்டுகொண்டதை நாம் கைவிட்டோம்

அந்நியர் நம் மொழிகளை எப்படிக் கற்றனர் என்பதைச் சற்றே புரட்டிப் பாருங்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழிலக்கணம் எழுதியவர்; அகராதி தொகுத்தவர். இலக்கணமே போதும் என்று நினைத்திருந்தால் அவர் அத்தோடு நின்றிருப்பார். நிற்கவில்லை. தமிழ் கற்கும் பாதிரிமார்க்குப் பரமார்த்த குரு கதையை எழுதி, இலத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்தார். 1822இல் பாபிங்டன் என்பார் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சிட்டார். மட்டியும் மடையனும் ஆற்றுக்கு அஞ்சிய கதையைப் படித்தவர்கள் குழந்தைகள் அல்லர். இறையியல் கற்றுத் தேர்ந்த முதியவர்கள்.

கல்கத்தாவில் 1800இல் எழுந்த வில்லியம் கோட்டைக் கல்லூரியைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு உருது கற்பிக்க மீர் அம்மன் ‘பாகோ பஹார்’ எழுதினார். நான்கு தர்வேஷ்களின் கிஸ்ஸா அது. அதே கல்லூரியின் மாணவர்க்கு அரபு கற்பிக்க, யமனிலிருந்து வந்த அஹ்மத் ஷிர்வானீ ‘நஃப்ஹத்துல் யமன்’ என்னும் கதைத் தொகுப்பை உருவாக்கினார். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்காகத் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதையைத் தமிழ் உரைநடையில் எழுதினார்; 1826இல் அது வெளிவந்தது. வரி வசூலிக்கவும் வழக்குத் தீர்க்கவும் வந்த துரைமார் கதை கேட்டுத்தான் மொழி கற்றனர். அவர்கள் தரம் தாழ்ந்துவிட்டதாக எவரும் எழுதி வைக்கவில்லை. நாட்டையே ஆண்டுவிட்டுப் போனார்கள்!

வேடிக்கை என்னவெனில், நமக்கும் இது புதிதன்று. தமிழ் முஸ்லிம்களின் இலக்கியப் பரப்பில் கிஸ்ஸாவும் மசலாவும் நாமாவும் வகை வகையாகக் குவிந்து கிடக்கின்றன. 1572இல் மதுரையில் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய ஆயிர மசலா என்ன? யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்வதாக அமைந்த கதை. மார்க்கக் கல்வியைக் கதையின் மடியில் வைத்துத் தந்தார் அப்புலவர். கேட்டவர்கள் பாலர்கள் அல்லர். ஊரே கூடிக் கேட்டது. நம் பாட்டிமார் நூறு மசலாவைக் கேட்டே மார்க்கம் பேசினர், அரபுத்தமிழ் ஓதினர். அந்தச் செல்வத்தை நாம் பரணில் ஏற்றிவிட்டோம். இன்று மேனாட்டார் அதே சரக்கைப் புதுப்பெயரிட்டு விற்கும்போது வியந்து நிற்கிறோம்.

எங்கள் மண்ணின் மைந்தர் ஒருவரையும் இங்கு நினைவுகூரலாம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, நாட்டின் தலைமை ஆளுநராக உயர்ந்தவர், சட்டம் கற்றவர். அவர் தத்துவம் சொல்லவும் கதையைத்தான் நாடினார். கதை சிறு பிள்ளைகளின் சொத்து என்று அவர் கருதவில்லை.

இக்கால ஆய்வு என்ன சொல்கிறது?

“இவையெல்லாம் பழங்கதை, இன்றைய கல்வியியல் என்ன சொல்கிறது?” என்று கேட்போருக்கும் விடை உண்டு. 1920களில் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்காளத்து மாணவர் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு நூலை வாசிக்க முடியாதிருப்பதைக் கண்டார். இடையில் படிப்பை நிறுத்துவோர் கையில் என்ன எஞ்சுகிறது என்று கேட்டார். ஆயுள் காப்பீட்டை இடையில் முறித்துக்கொள்பவனுக்குக் கிடைக்கும் தொகையைச் ‘சரண்டர் மதிப்பு’ என்பர் அல்லவா? கல்விக்கும் அந்த மதிப்பு உண்டு என்றார் அவர். குறைந்த சொற்களில், வந்த சொல் மீண்டும் மீண்டும் வரும்படி அமைந்த கதை வாசகங்களை வரிசையாக எழுதினார்.

இந்தக் கேள்வி எங்கள் ஊருக்கு எவ்வளவு பொருந்துகிறது! மத்ரஸாவில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஸனது வாங்கும் வரை இருக்கின்றனர்? மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ தொழிற்சாலை அழைக்கிறது. வீட்டு நிலை விரட்டுகிறது. அப்படிப் போகிறவன் கையில் என்ன கொண்டுபோகிறான்? ‘ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ’ என்னும் வாய்பாட்டின் பாதி! எளிய அரபு நூலொன்றைத் தானே வாசிக்கும் ஆற்றலைக் கொண்டுபோயிருந்தால், இரவுப் பணி முடிந்து வந்தும் அவன் ஒரு பக்கம் வாசிப்பான். வாழ்நாள் முழுவதும் மாணவனாக இருப்பான்.

1980களின் தொடக்கத்தில் பிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் என்னும் இருவர் ஓர் ஆய்வு நடத்தினர். வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வழங்கப்பட்டன. அவற்றைப் படித்துவந்த பிள்ளைகள், வழக்கமான பயிற்சி பெற்றவர்களைக் காட்டிலும் இருமடங்கு வேகத்தில் வாசிப்பிலும் கேட்டுணர்வதிலும் முன்னேறினர். 1983இல் இம்முடிவு வெளியாயிற்று.

“அவர்கள் சிறுவர்கள், மேல் வகுப்புக்கு இது பொருந்துமா?” என்று கேட்கலாம். மேல் வகுப்புக்கே மிகப் பொருந்தும் என்பது என் வாதம். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பக்கத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 98 சொற்கள் முன்பே தெரிந்திருந்தால்தான் அகராதியின் துணையின்றி அதை வாசித்துப் பொருள் கொள்ள இயலும் என்று சொல்லாராய்ச்சியாளர் பால் நேஷன் முதலியோர் ஆங்கிலத்தை ஆராய்ந்து கூறியுள்ளனர். தடையின்றி நாளேடும் நாவலும் வாசிக்க எட்டாயிரம் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது அவர்கள் கண்ட அளவு. அரபிக்கு எண் சற்று மாறலாம், நியதி மாறாது. இத்தனை ஆயிரம் சொற்களைப் பட்டியலிட்டு மனனம் செய்விக்க எந்த மத்ரஸாவிலும் நாள் போதாது. திரும்பத் திரும்ப, வெவ்வேறு இடங்களில், பொருளோடு கலந்து அவை காதிலும் கண்ணிலும் பட வேண்டும். அதற்கு நிறைய வாசிக்க வேண்டும். நிறைய வாசிக்க, அடுத்த பக்கத்தைப் புரட்டத் தூண்டும் ஆவல் வேண்டும். “பிறகு என்ன நடந்தது?” என்னும் வினாவைக் காட்டிலும் பக்கத்தைப் புரட்டவைக்கும் கருவி எதை இறைவன் மனிதனுக்குத் தந்திருக்கிறான்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிளெய்ன் ரே என்னும் ஸ்பானிய மொழி ஆசிரியர், கதையை நடுநாயகமாக வைத்து ஒரு கற்பிக்கும் முறையை வகுத்தார். 1990களில் அது பரவிற்று. ஆசிரியர் சில சொற்றொடர்களை முதலில் பொருள் விளக்கி நிறுத்துகிறார். பின்பு அச்சொற்றொடர்கள் வருமாறு ஒரு கதையை மாணவரிடம் கேள்வி கேட்டுக் கேட்டே கட்டுகிறார். ஒரே செய்தியை ஆமா, இல்லையா, யார், எங்கே, ஏன் என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறார். கதை முடிந்ததும் மாணவர் திருப்பிச் சொல்கின்றனர். பிறகு அதே சொற்களால் ஆன வேறு கதையை வாசிக்கின்றனர். புரிந்துகொள்ளத்தக்க மொழியை மிகுதியாகக் கேட்பதாலும் வாசிப்பதாலுமே மொழி படிகிறது என்னும் ஸ்டீபன் கிராஷன் என்பாரின் கொள்கை இதற்குத் துணை நிற்கிறது.

இம்முறையைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்குமதி செய்யுமாறு நான் சொல்லவில்லை. நீலநிற யானை உணவு விடுதிக்குப் போனது என்பது போன்ற விந்தைக் கதைகள் முதலாண்டு மாணவனைச் சிரிக்க வைக்கும். ஹதீஸ் ஓதும் இருபது வயது இளைஞனுக்கு அவை சலிப்பூட்டும். மேல் வகுப்பில் கதைமுறை தோற்றது என்று எவரேனும் சொன்னால், பெரும்பாலும் அங்கே கீழ் வகுப்புக் கதை சொல்லப்பட்டிருக்கும். குறை கதையில் அன்று, கதைத் தேர்வில் இருக்கிறது. மேல் வகுப்புக்கு மேலான கதை வேண்டும்.

மேலான கதை எது?

அதை நமக்குக் காட்டிச் சென்றவர் மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வீ (ரஹ்) அவர்கள். 1940களில் அவர் எழுதத் தொடங்கிய ‘கஸஸுன் நபிய்யீன்’ குழந்தைகளுக்கானது. சொற்கள் குறைவு, வந்த சொல் மீண்டும் வரும், குர்ஆனின் சொற்றொடர்கள் மோதிரத்தில் கல் பதித்தாற்போல் பதிந்திருக்கும். இதை அனைவரும் அறிவர். மேல் வகுப்புக்கு அவர் தொகுத்த ‘முக்தாராத்’ என்னும் நூலின் கருத்தைத்தான் நாம் மறந்துவிட்டோம். சொல் அலங்காரம் மிகுந்த மகாமாக்கள் மட்டுமே அரபு இலக்கியம் அல்ல. ஹதீஸிலும் வரலாற்றிலும் இயல்பான, உயிருள்ள உரைநடை புதைந்து கிடக்கிறது என்பதே அவர் கட்சி.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு, ஸஹீஹுல் புகாரியில் கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தம் வாயாலேயே கூறும் தபூக் வரலாறு. போருக்குப் போகாமல் பின்தங்கிய அவர் பொய் சொல்லித் தப்பவில்லை, உண்மையை ஒப்புக்கொண்டார். ஐம்பது இரவுகள் எவரும் அவருடன் பேசவில்லை. உறவினர் அபூகதாதாவின் தோட்டச் சுவரேறிக் குதித்து ஸலாம் சொன்னார், பதில் இல்லை. கஸ்ஸான் மன்னனிடமிருந்து “எம்மிடம் வந்துவிடு” என்று கடிதம் வந்தது. அதை அடுப்பில் எறிந்தார். ஐம்பதாம் நாள் காலையில் ஸல்உ மலை மீதிருந்து நற்செய்திக் குரல் கேட்டது.

இவ்வரலாற்றைக் கொண்டு ஒரு மாதம் பாடம் நடத்தலாம். முதல் நாள் உஸ்தாது எளிய அரபியில் தாமே சொல்லட்டும். கிதாபு மூடியே இருக்கட்டும். சுவரேறும் இடத்தில் நிறுத்தி, “அபூகதாதா ஏன் பேசவில்லை?” என்று அரபியில் கேட்கட்டும். மறுநாள் மூலத்தை வாசிக்கட்டும். கதை தெரிந்திருப்பதால் கடினச் சொற்கள் தாமே வழிவிடும். பிறகு ஒரு மாணவன் கஅபின் கூற்றாகச் சொன்னதை, இன்னொருவன் அபூகதாதாவின் கூற்றாகச் சொல்லட்டும். மூன்றாமவன் கடிதம் கொணர்ந்தவனின் கூற்றாகச் சொல்லட்டும். தன்மை படர்க்கையாகும், வினைகள் எல்லாம் உருமாறும், பிழை நேர்ந்த இடத்தில் காஃபியாவைத் திறக்கட்டும். “அவர் அந்த மன்னனிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று கேட்டால் ‘லவ்’ என்னும் நிபந்தனைச் சொல்லின் இலக்கணம் முழுவதும் நாவில் வந்து நிற்கும். இறுதியில் ஷரஹு எழுதிய இமாம்கள் இதிலிருந்து எடுத்த சட்ட முடிவுகளை விவாதிக்கட்டும். கதையில் தொடங்கியவன் ஃபிக்ஹில் வந்து சேர்கிறான். இலக்கணம் எங்கும் ஓடிவிடவில்லை. தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நேரத்தில் வந்து நின்றது.

தடைகளும் விடைகளும்

“கதைக்குள் நுழைந்தால் பொய்க்கதையும் நுழையும், இஸ்ராயீலிய்யாத்துகள் நுழையும்” என்று ஆலிம்கள் சிலர் எச்சரிக்கின்றனர். மிகச் சரி. 1201இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) கதைசொல்லிகளைப் பற்றித் தனி நூலே எழுதி, இட்டுக்கட்டுவோரைச் சாடினார். ஆனால் அவரே பக்தாதில் பெருங்கூட்டத்தின் முன் உபதேசித்த மாபெரும் உரையாளர். அவர் எதிர்த்தது பொய்யை. கள்ள நாணயம் புழங்குகிறது என்பதற்காக எவரும் கடையை மூடுவதில்லை. நாணயத்தை உரசிப் பார்க்கக் கற்றுக்கொள்கின்றனர்.

“ஃபிக்ஹு, மன்திக் ஆகியவற்றின் கலைச்சொற்களைக் கதை தராது” என்பர். இதில் உண்மை உண்டு. வரைவிலக்கணத்தை வரைவிலக்கணமாகத்தான் ஓத வேண்டும். கதை எல்லாப் பாடங்களையும் விழுங்க வேண்டும் என்பது என் கோரிக்கை அன்று. மொழிப் பாடத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் மொழி நடக்கட்டும் என்பதே என் கோரிக்கை. மொழி கைவந்தவனுக்கு ஹிதாயாவின் வாசகம் பாதி நேரத்தில் விளங்கும்.

“இப்படி ஓதினால் கிதாபு முடியாது” என்பர். முடித்து என்ன கண்டோம்? முடிந்தது கிதாபா, பிள்ளையின் ஆர்வமா? நூறு பக்கம் ஓதி ஒரு பக்கமும் தானாக வாசிக்க இயலாதவனைவிட, முப்பது பக்கம் ஓதி முந்நூறு பக்கம் தானே வாசிப்பவன் மேலானவன் அல்லனா?

இது அரபியோடு நிற்கும் செய்தியும் அன்று. எங்கள் ஊர் இளைஞர்கள் ஜெர்மனும் ஜப்பானியமும் கற்க மாலை வகுப்புகளுக்குப் போகின்றனர். தொடக்கத் தேர்வுகளில் தேறிவிடுகின்றனர். நடுநிலைக்கு மேல் ஏற முடியாமல் பலர் நின்றுவிடுகின்றனர். அங்கும் மேலே போகப் போகக் கதை நின்று, தேர்வுத்தாள் பயிற்சியே எஞ்சுகிறது. நோய் ஒன்றே.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பெற்றோர்களே! விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் “எந்தக் கிதாபு ஓதுகிறாய்?” என்று கேட்கிறீர்கள். கிதாபின் பெயர் பெரிதாக இருந்தால் மகிழ்கிறீர்கள். இனி அதைக் கேளாதீர்கள். “அரபியில் எனக்கொரு கதை சொல்” என்று கேளுங்கள். உங்களுக்கு அரபு தெரியாவிட்டாலும் பாதகமில்லை. தடுமாறுகிறானா, தங்குதடையின்றிச் சொல்கிறானா என்பதை எந்தத் தாயும் முகத்தைப் பார்த்தே அறிவாள். பெண்பிள்ளைகளை மத்ரஸாவில் விட்டிருக்கும் தாய்மார்கள் இதை மறவாமல் கேளுங்கள். நாளை வீட்டில் அடுத்த தலைமுறைக்குக் கதை சொல்லப் போகிறவர்கள் அவர்கள்தாம்.

நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஸனது வழங்கும் விழாவில் மனனம் செய்த அரபுச் சொற்பொழிவை ஒப்பிக்கச் செய்வதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, பட்டம் பெறும் ஒவ்வொருவரும் மேடையில் ஐந்து நிமிடம், அங்கேயே தரப்படும் ஒரு வரலாற்றை அரபியில் சொல்லட்டும். மூத்த ஆலிம் ஒருவர் குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்கட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் எட்டாண்டுக் கல்வியின் எடை தெரிந்துவிடும். அதற்கு நீங்கள் அஞ்சினால், அந்த அச்சமே என் வழக்குக்குத் தீர்ப்பு.

கதை சொல்லும் உஸ்தாதைக் கண்டிக்கப் புறப்படுமுன் ஒரு நாள் அவர் வகுப்பில் போய் உட்காருங்கள். பிள்ளைகளின் கண்களைப் பாருங்கள். பிறகு உங்கள் தீர்மானத்தை எழுதுங்கள். நம் பிள்ளைகளின் நாவின் முடிச்சை அவிழ்த்து, கற்றதைச் சொல்லும் ஆற்றலை வல்ல நாயன் அவர்களுக்கு வழங்குவானாக!